பலகை இல்லாத நிறுத்தங்கள்

பச்சையாகத்தான் இருக்கிறது. மறுபடியும் பார்த்தேன், பச்சைதான். நேற்று வரை என் போனில் அந்த இடத்தில் 'சேர்க்க' என்று ஒரு சாம்பல் நிறப் பொத்தான் இருந்தது, தொட்டால் ஒன்றும் நடக்காது, இதற்கு உங்களுக்கு அனுமதி இல்லை என்று அடியில் பொடி எழுத்தில் வரும், ஆனாலும் நான் அதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன், பூட்டிய கதவு என்று தெரிந்தும் போகிறபோது வருகிறபோது தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பதுபோல. இன்று காலை ஹாஸ்டல் குழாயடியில் பக்கெட் நிறைவதற்காக நின்றுகொண்டிருந்தபோது போனில் அறிவிப்பு வந்தது, செண்பகவல்லி இனி 'இறங்கணும்' செயலியின் பராமரிப்பாளர்களில் ஒருவர் என்று, பக்கெட் நிறைந்து வழிந்து என் காலை நனைத்தது, பின்னால் நின்ற சுகன்யா, "ஏய், தண்ணி போவுது பாரு, என்ன, லவ்வா?" என்றாள், இல்லை என்று தலையாட்டிவிட்டு உடனே ஆமாம் என்றும் ஆட்டினேன். இப்போது கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன், பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டை நாலாக மடித்துப் போன் உறைக்குள் வைத்தாயிற்று, மதிய ஷிஃப்டுக்கு நேரம் இருக்கிறது, வேளச்சேரி வரைக்கும் யாரும் என்னை எதுவும் கேட்கப்போவதில்லை, மடியில் போன், போனில் பச்சை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, அம்மாவே கூப்பிட்டாள். "ஏட்டி, சாப்டியா?" "சாப்ட்டேம்மா. எம்மா, எனக்கு ஒரு பொறுப்பு குடுத்திருக்காங்க." "ஆபீஸ்லயா?" "ஆபீஸ்ல இல்ல, அந்த பஸ் ஆப்பு சொன்னேன்லா, அதுல." "அந்தச் சம்பளமில்லாத வேலையா?" "ஆமா." "இனிமேலாவது போட்டுருவாங்களா?" "இல்லம்மா, அதுல யாருக்குமே கிடையாது." அம்மாவுக்குப் பின்னால் அவள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசின் சத்தம், பெட்டிகளை அடுக்கும் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், பிறகு, "அப்ப யாரு ஒன்ன வேலை வாங்குவா?" என்றாள். "யாரும் வாங்க மாட்டாங்க." "யாரும் வாங்காம எப்பிடிட்டி வேலை நடக்கும்?" கணக்குப்பிள்ளை வந்துவிட்டார்போல, வைத்துவிட்டாள்.

எப்படி நடக்கும். எனக்கும் முதலில் அதுதான் புரியவில்லை, இப்போதும் முழுதாகப் புரிந்தது என்று சொன்னால் பொய். இது பஸ்ஸில் போகிறவருக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரைத் தமிழில் சொல்லும் செயலி, கண் தெரியாதவர்களுக்கு, ஊருக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு, பலகை படிக்க வராதவர்களுக்கு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உள்ளே எழுதியிருப்பது அத்தனையையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், தவறு தெரிந்தால் திருத்தி அனுப்பலாம், அந்தத் திருத்தத்தைப் பொதுப் பிரதியில் சேர்ப்பது மட்டும் சிலர் கையில், அந்தச் சில கைகளில் ஒன்று இப்போது என்னுடையது. கல்லூரி இறுதி வருடம் வைவாவில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் என் புராஜெக்டைப் புரட்டிவிட்டு, "யார் எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார், நானே எழுதினேன் என்பதை இங்கிலீஷில் எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோதே அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார், என் மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு எதை எங்கே அனுப்பினாலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். 'இறங்கணும்' செயலிக்கு முதன்முதலாக ஒரு திருத்தம் அனுப்பியபோதும் உட்கார்ந்திருந்தது. பஸ் ஹாரன் அடித்தால் குரலின் சத்தம் தானாகக் கூட வேண்டும், அதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டிருந்தது, சின்னப் பிழை, அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். இந்தச் செயலியைத் தொடங்கிய முகுந்தன் சார் பதில் எழுதினார், வருக, நன்றி, ஒரு கேள்வி, இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள், எனக்கு இந்த வழி தோன்றவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். ஏன் என்ற சொல் கையில் பிரம்பு இல்லாமல் என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பிழை அவருக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். இங்கே அப்படி ஒரு வழக்கம், சுலபமான பிழைகளைப் பழையவர்கள் தொடக்கூடாது, கண்ணில் பட்டாலும் 'புதியவருக்கு' என்று சீட்டு ஒட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட வேண்டும், யாரோ ஒருவர் வந்து அதைத் திருத்தி அந்த ருசியில் தங்கிவிடுவார் என்று. யாரோ ஒருவருக்காகத் திறந்துவைத்த கதவில் நான் நுழைந்திருக்கிறேன். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்ல, சரி, அதை அப்புறம் நினைக்கலாம். இன்னொரு வழக்கம் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும், சார் மேடம் கிடையாது, அது மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை, முகுந்தன் என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் விளியே தேவைப்படாத வாக்கியமாகச் சுற்றிவளைத்து எழுதுகிறேன், பேசும்போது சார் வந்துவிடுகிறது, அவர் ஒவ்வொரு தடவையும், "சார் ஊர்ல இல்லீங்க" என்பார்.

கேம்ப் ரோடு சிக்னலில் பஸ் நின்றபோது போன் அதிர்ந்தது. முகுந்தன் உங்களிடம் மதிப்பாய்வு கோரியுள்ளார். என்னிடம். மறுபடி படித்தேன், உங்களிடம், ஆமாம், கீழே என் பெயர் மட்டும். பக்கத்து சீட்டு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாய்விட்டு ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன். அவர் எழுதிய மாற்றத்தை நான் படித்து, சரி என்று சொல்லி, இந்தப் பச்சையை அழுத்தினால் அது உள்ளே போகும், நான் அழுத்தாவிட்டால் போகாது, போன மாதத்திலிருந்து அப்படித்தான் விதி, எழுதியவர் யாராக இருந்தாலும், தொடங்கியவராகவே இருந்தாலும், இன்னொரு பராமரிப்பாளர் படித்துச் சொல்லாமல் எதுவும் சேராது. குறிப்பில் எழுதியிருந்தார்: இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளைச் சந்திக்கிறேன், நமது குரலைப் பஸ்களின் ஒலிபெருக்கியிலேயே வைக்க யோசிக்கிறார்கள், பெயர்கள் அவர்களுடைய பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள், அதற்கான மாற்றம் இது, சீக்கிரம் பார்த்துவிட்டால் நல்லது. பஸ்ஸின் ஒலிபெருக்கியில்! இந்தக் கம்பியில், இந்தக் கூரையில், இந்தத் துருப்பிடித்த ஜன்னலுக்கு மேலே நம் குரல், நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒட்டுப்போட்ட குரல், எல்லோருக்கும் கேட்கும், இந்தப் பக்கத்து சீட்டு அம்மாவுக்கும் கேட்கும், அவள் அது யாருடையது என்று யோசிக்கக்கூட மாட்டாள், அதுதான் இன்னும் அழகு. கட்டைவிரல் தானாகப் பச்சைக்கு மேலே போய் நின்றது. படிக்காமல் அழுத்தக்கூடாது. படிக்காமல் அழுத்தினால்தான் என்ன, எழுதியவர் முகுந்தன் சார், நான் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறேன், இல்லை, படிக்க வேண்டும், படிப்பதற்குத்தானே கொடுத்தார். அந்த மாற்றம் சேர்ந்த சோதனைப் பதிப்பைப் போனில் இறக்கி, இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டேன், பஸ் ஓடட்டும், அது பேசட்டும், நான் வரிகளைப் படிக்கிறேன், இதைவிட நல்ல மதிப்பாய்வு யாரால் செய்ய முடியும், ஓடுகிற பஸ்ஸிலேயே! 'அடுத்து, ராஜகீழ்ப்பாக்கம்' என்றது குரல், சுத்தமாக, தெளிவாக, ஹாரனுக்கு மேலே எழும்பி, அந்த எழும்பல் என்னுடையது.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் நடத்துனர், "ஐஸ் கம்பெனி எறங்குறவங்க முன்னால வாங்க" என்று விசில் ஊதினார், பஸ் நின்றது, கூடைக்காரப் பெண் ஒருத்தி இறங்கினாள், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ஏறினார்கள், என் காதிலிருந்த குரல் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். கிடைத்துக்கொண்டிருந்தது. சோதனைப் பதிப்பு என்பதால் தாமதமாகச் சொல்லுமோ என்று காத்திருந்தேன், 'அடுத்து, செம்பாக்கம்' என்று சொல்லிவிட்டது, நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல. மாற்றத்தின் வரிகளை மேலே தள்ளினேன், சேர்த்தவை பச்சையில், எடுத்தவை சிவப்பில், விரல் தள்ளத் தள்ளச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது, ஐஸ் கம்பெனி, பழைய தியேட்டர், மாதா கோவில் முக்கு, தண்ணித் தொட்டி, எல்லாம் பலகை இல்லாத நிறுத்தங்கள், நிழற்குடை கிடையாது, அரசாங்கப் பட்டியலில் கிடையாது, ஆனால் ஓட்டுநர்கள் நிறுத்துகிறார்கள், ஜனங்கள் கை காட்டுகிறார்கள், இறங்குகிறார்கள். ஒவ்வொரு சிவப்பு வரியின் ஓரத்திலும் அதைப் போட்டவர் பெயர் இருந்தது, இந்த வழித்தடத்தில் பாதிக்கு மேல் பர்வீன், பர்வீன், பர்வீன். பர்வீன் அக்கா அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள், பிறவியிலேயே கண் தெரியாது, லீவு நாட்களில் பஸ்ஸில் ஏறி, நின்ற இடத்தில் எல்லாம் போனை அழுத்தி, பக்கத்தில் இருப்பவர்களிடம் இந்த இடத்துக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க என்று கேட்டுக் கேட்டு ஏற்றினவை இவை. எல்லாம் ஏற்றி முடித்த அன்று குழுவில் குரல் செய்தி போட்டாள், "என் ரூட்டு முடிஞ்சுது, நாளையிலேருந்து பஸ்ல தூங்கிட்டுப் போவேன், எவளும் எழுப்பாதீங்க." மதிப்பாய்வு விதியைக் கொண்டுவந்ததும் அவள்தான். அதற்கு முந்தின மாதம் முகுந்தன் சார் அவசரமாகத் தானே எதையோ சேர்த்துவிட, குரல் எல்லா நிறுத்தங்களையும் பின்னாலிருந்து முன்னால் சொல்ல ஆரம்பித்து, அக்கா முன்பின் தெரியாத ஏதோ பாலத்தடியில் இறங்கி நின்றுவிட்டாள். மாதாந்திரக் கூட்டத்தில் அவர், "என்னங்க பர்வீன், என் வீட்டுக்குள்ள போக நானே காலிங் பெல் அடிக்கணுமா?" என்றார், சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டார். அக்கா விடவில்லை, "வீடு உங்களோடதுதான் முகுந்தன், யாரு இல்லன்னா? ஆனா இப்ப நாங்களும் உள்ள குடியிருக்கோம்ல. துணி மாத்திக்கிட்டு இருப்போம். பெல் அடிங்க." எல்லோரும் சிரித்து, ஓட்டெடுத்து, விதி நிறைவேறிவிட்டது. அன்றைக்கு நான் மைக்கை மூடி வைத்துக்கொண்டு தனியாகக் கைதட்டினேன். ஆனால் அக்காவுக்குப் பச்சைப் பொத்தான் கிடையாது, அவள் நிரல் எழுதுவதில்லை, தகவல் மட்டும் தருகிறாள், நிரல் எழுதுகிறவர்களுக்குத்தான் பொத்தான், இப்போது யோசித்தால் அது ஏன் அப்படி என்று யாருமே கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா இந்நேரம் வகுப்பில் இருப்பாள். இன்னொரு பராமரிப்பாளர் ஜோயல் டொரன்டோவில், அங்கே இப்போது எல்லோரும் தூங்குகிற நேரம். மாற்றம் இன்று காலைதான் எழுதப்பட்டிருக்கிறது. நானும் இன்று காலைதான். இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை, அவையாகவே வந்து உட்கார்ந்துகொண்டன, தள்ளி வைத்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தன. குழாயடியில் பக்கெட் வழிந்தபோது நான் அடைந்த சந்தோஷம், அதற்குள் இது இருந்ததா? படிக்காமல் சரி என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் தேவைப்பட்டு, யார் யார் என்று பார்த்து, நன்றியுள்ள பெண், கூட்டத்தில் மைக்கைத் திறக்காத பெண், சார் சார் என்கிற பெண். சே, அப்படி இருக்காது, எனக்கு அவரைத் தெரியும், தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு புதியவர்கள் கேள்விக்கெல்லாம் பதில் எழுதுகிறவர், அப்படி இருக்காது, இருந்தால்? இருந்தாலும் பஸ் ஒலிபெருக்கி நல்ல விஷயம்தானே, ஆயிரம் பேருக்குக் கேட்கும், அதற்காகச் சில நிறுத்தங்கள் போனால், பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம், பிறகு என்று சொன்ன எது பிறகு நடந்தது, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் மருந்து நெடிக்குப் பிறகு தருகிறோம் என்று சொல்லப்பட்ட முகமூடி இன்னும் வரவில்லை. நான் மாட்டேன் என்று எழுதினால் அது எல்லோரும் பார்க்கிற இடத்தில் என் பெயரோடு நிற்கும், நாளைக்கு வேலை தேடுகிற இடத்தில் யாராவது திறந்து பார்த்தால், பொறுப்பு கொடுத்த அன்றே கொடுத்தவரை மறித்தவள் என்று தெரியும், மூன்று மணிச் சந்திப்பு கெட்டுப்போகும், கெட்டுப்போனதற்கு நான் காரணமாவேன், குழுவில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் என் அடுத்த கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும், பிறகு இன்னும் கொஞ்சம். இருக்கட்டும் என்று கண்ணை மூடி அழுத்தினால் இந்தக் கணமே முடிந்துவிடும். அழுத்தினால் அக்கா நாளைக்கு ஐஸ் கம்பெனியில் இறங்க மாட்டாள், அவள் காதில் செம்பாக்கம் என்று கேட்கும். யாரும் வாங்காமல் எப்படி வேலை நடக்கும் என்றாள் அம்மா. இப்படித்தான் நடக்கும்போல, யாரும் வாங்குவதில்லை, அதனால் ஒவ்வொருவரும் நின்று கவனிக்க வேண்டும், கவனிக்காதபோது யாரோ வாங்கிவிடுகிறார்கள். எனக்குப் பயத்தில் காது சூடாகிவிட்டது, ஆனால் பயம் மட்டும் இல்லை அது, உள்ளே ஒன்று குதித்துக்கொண்டே இருக்கிறது, நான் கண்டுபிடித்துவிட்டேன், அவர் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன், பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன், இதைச் சொல்லத் தெரிந்தவள் இப்போது இந்த உலகத்தில் விழித்துக்கொண்டிருக்கிறவர்களில் நான் ஒருத்திதான்.

எழுதினேன். அழித்தேன். மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தது, எதற்கு மன்னிப்பு. திரும்ப எழுதினேன், விளி இல்லாமல்: இந்த மாற்றத்தை ஓடும் பஸ்ஸில் வைத்துச் சோதித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், குரல் வரவில்லை. அதிகாரிகளின் பட்டியலில் இல்லாத நிறுத்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சேகரித்தவர்களிடம் கேட்கவில்லை. இந்த நிலையில் சேர்க்க முடியாது. பர்வீன் பெயரையும் இணைத்தேன், மாற்றம் தேவை என்பதை அழுத்தினேன், சிவப்பு அடையாளம் விழுந்தது, அவ்வளவுதான், எவ்வளவு சுலபம், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இனி என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், அந்த விதி என்ற பூட்டின் சாவி அவரிடம் இருக்கிறது, விதியைச் சொல்லும் பெட்டியில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் யார் அனுமதியும் தேவையில்லை, அவரே சேர்த்துக்கொள்ளலாம், திரும்ப டிக்கைப் போட்டுவிடலாம். பக்கத்தைக் கீழே இழுத்து இழுத்துப் புதுப்பித்தேன். மேடவாக்கத்தில் கூட்டம் ஏறியது, யாருடைய பையோ என் தோளில் இடித்தது, புதுப்பித்தேன், சிவப்பு அப்படியே இருந்தது. போன் அடித்தது, அவர்தான். "செண்பகவல்லி, பஸ்லயா இருக்கீங்க?" "ஆமா சார்." "சார் ஊர்ல இல்ல." வழக்கமாக அதற்குப் பிறகு சிரிப்பார், சிரிக்கவில்லை. "படிச்சேன். அந்த ஆபீசர்கிட்ட லிஸ்ட்ல இல்லாத ஒரு பேரு போனாலும் மீட்டிங் முடிஞ்சுது. ஐஸ் கம்பெனியா, அது எங்கப்பா இருக்குன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாரு." "இருக்கு சார், இப்பத்தான் தாண்டினேன்." "இருக்குன்னு எனக்கும் தெரியும்." அவரே தொடர்ந்தார். "பூட்டை எடுத்துட்டு நானே சேத்துரலாம், தெரியும்ல?" "தெரியும்." "சேத்தா என்ன பண்ணுவீங்க?" பதில் தமிழில்தான் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. "குழுவுல எழுதுவேன். எல்லாரும் பாக்கற மாதிரி." "எழுதிருவீங்களா?" "பயந்துக்கிட்டேதான் எழுதுவேன்." அந்தப் பக்கம் ஒரு சத்தம், இருமலா சிரிப்பா தெரியவில்லை. கேட்டுவிடலாமா, கேட்காவிட்டால் இது என்னோடு ஹாஸ்டல் வரைக்கும் வரும், அதற்குப் பிறகும் வரும். "ஒண்ணு கேக்கலாமா? இன்னிக்குக் காலையில என்னைச் சேத்தது இதுக்காகவா?" "பாதி" என்றார். "பாதியா?" "பாதி ஆமா. ஜோயல் தூங்குறான், பர்வீன்கிட்ட கேட்டா சண்டை, நீங்கன்னா படிக்காம சேத்துருவீங்கன்னு நெனச்சேன். அசிங்கம்தான். மீதிப் பாதி, உங்க பேரு மார்ச்லேருந்தே பேச்சுல இருக்கு, ஜோயல்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க." முகுந்தன் சார் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம், 'சே, அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பாதி என்று சொன்னது கன்னத்தில் அறைந்ததுபோலவும் இருந்தது, யாரோ கதவைத் திறந்து காற்று வந்ததுபோலவும் இருந்தது, இரண்டும் ஒரே சமயத்தில், எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "சரி, இப்ப என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார், கோபம் இருந்தது அதில், ஆனால் கேள்வியும் இருந்தது. "ரெண்டு பட்டியலா வச்சுக்கலாம். பஸ் ஸ்பீக்கர்ல அவங்க பட்டியல் மட்டும் பேசட்டும். நம்ம போன்ல ரெண்டும் பேசணும்." "ரெண்டு மணிக்குள்ள முடியணும்." "நீங்க எழுதுங்க, நான் படிக்கிறேன்." சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

பள்ளிக்கரணை சதுப்பில் வெயில் தகடுபோல் கிடந்தது, நாரைகளா கொக்குகளா, வெள்ளையாக ஏதோ தூரத்தில், எனக்குப் பறவைகள் பெயர் தெரியாது, எப்போதும் பார்ப்பேன், இன்று சரியாகப் பார்க்கவில்லை. நடுவில் பர்வீன் அக்காவின் குரல் செய்தி வந்தது, பின்னால் பிள்ளைகள் இரைச்சல், இடைவேளைபோல. "ஏய் செண்பகம், என் ஐஸ் கம்பெனியைத் தூக்குனது அவரா? இருக்கட்டும், சாயங்காலம் வச்சுக்கறேன் கச்சேரிய. நீ மறிச்சியாமே? உனக்குள்ள இப்பிடி ஒரு ரவுடி இருக்கான்னு சொல்லவே இல்ல பாரு." அதை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன், பக்கத்து சீட்டில் இப்போது வேறு ஒருவர், அவரும் என்னைப் பார்த்தார், பார்க்கட்டும். புதிய மாற்றம் வந்துவிட்டது. அவர் வேகமாகத்தான் எழுதுவார், அழகாகவும் எழுதுவார், இரண்டு பட்டியல், சிவப்பு வரிகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன, ஓரத்தில் பர்வீன், பர்வீன், பர்வீன், பாருங்கள், கேட்டால் நடக்கிறது, ஒருத்தி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டாலும் நடக்கிறது, கோபப்பட்ட மனிதரும் உட்கார்ந்து எழுதிவிடுகிறார், இதை நான் அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன். குறிப்பில் ஒரே வரி: நீங்கள் கேட்டபடி, இப்போது சேர்த்துவிடுங்கள், கிளம்ப வேண்டும். கட்டைவிரல் போய்விட்டது, பச்சைக்கு மேலே, தொடப் போனேன், அந்த அன்பில், அந்த நிம்மதியில், இப்போது அழுத்தினால் எல்லோருக்கும் நல்லது, அவரும் சந்தோஷம், நானும் நல்ல பெண், கடைசிப் பகுதியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு அழுத்தலாம். பார்த்தேன். பலகை இல்லாத நிறுத்தங்கள், தொடக்க நிலை: அணைக்கப்பட்டது. வேண்டுகிறவர்கள் செயலியின் அமைப்புகளுக்குள் போய், மேம்பட்டவை என்பதைத் திறந்து, கீழே தள்ளி, ஒரு பொத்தானை இயக்கிக்கொள்ளலாம். வேண்டுகிறவர்கள் யார், கண் தெரியாதவர்கள், ஊருக்குப் புதியவர்கள், படிக்க வராதவர்கள், அந்தப் பொத்தான் இருப்பதையே அறியாதவர்கள். வேண்டுமென்றே செய்தாரா, அவசரத்தில் செய்தாரா, தெரியவில்லை, இந்தத் தடவை அதைப் பற்றி யோசிக்கவும் தோன்றவில்லை, எதற்காகச் செய்திருந்தாலும் வரி அந்த வரிதான். ஆனால் ஒரு தடவை மறுத்துவிட்டேன், அவர் இறங்கி வந்துவிட்டார், இன்னொரு தடவையும் மறுத்தால் அது என்ன குணம், இது சின்னது, இதை விட்டுவிடலாம், முதல் மறுப்பில் ஒரு வீரம்போல ஏதோ இருந்தது, இரண்டாவதில் அதுவும் இல்லை, வெறும் நச்சரிப்பாகத்தான் தெரியும். எழுதினேன்: இவை தொடக்கத்திலேயே ஒலிக்க வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும், இன்னும் சேர்க்க முடியாது. அனுப்பினேன். பதில் உடனே வந்தது, வேறு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள். பஸ் வேளச்சேரிக்குள் திரும்பியது, எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது, பயத்தோடு, தாங்க முடியாத சந்தோஷத்தோடு, இன்னும் படித்து முடிக்கவில்லை என்று எழுதினேன்.